மாமாவின் பேரில் ஊதிய மூச்சு

கோதண்டம். வயது நாற்பத்தாறு. குரோம் தொட்டி, பதினெட்டு வருஷ சர்வீஸ், முதல் ஷிப்ட். பேர் கேட்டால் கோதண்டம். யோசிக்காமல் சொல்ல வேண்டும், யோசித்தால் மாட்டிக்கொள்வோம், சொந்தப் பேரைச் சொல்ல எவனாவது யோசிப்பானா. தணிகாசலம் என்கிறவன் இப்போது இங்கே இல்லை. அவனுக்கு இரண்டாம் ஷிப்ட், மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து தன் டோக்கனைக் காட்டி ஊதிவிட்டுப் போவான். அதுவரைக்கும் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது கோதண்டம், என் அக்கா ஜெகதாவின் புருஷன், நான் மாமா என்று கூப்பிடுகிற ஆள். மாமாவின் டோக்கன் என் பையில் இருக்கிறது. மாமாவின் சட்டையைத்தான் போட்டிருக்கிறேன், தோளில் இறுக்குகிறது. அக்கா துவைத்த சட்டை, ஆனாலும் சோப்பு வாசனைக்கு அடியில் தொட்டியின் வாசனை அப்படியே இருக்கிறது, எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாத, ஆணியை நாக்கில் வைத்துக்கொண்டது மாதிரியான வாசனை. நல்லவேளை மாஸ்க் இருக்கிறது. கம்பெனியில் எல்லோருக்கும் கொடுக்கிற மெல்லிசான துணி மாஸ்க். எதையும் தடுக்காது, ஆளை மட்டும் மறைக்கும். முன் நாற்காலிக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் திரும்பிக்கொண்டார். தொட்டிக்காரர்கள் கேட்க மாட்டார்கள். கேட்டால் அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வேனுக்குள் ஒருவர் போனால் நாங்கள் எல்லோரும் ஒரு நாற்காலி நகர்கிறோம், எழுந்து, நகர்ந்து, உட்கார்ந்து. வேனின் பக்கவாட்டில் இரண்டு நுரையீரல் படம் வரைந்திருக்கிறார்கள், இளஞ்சிவப்பாக, வெற்றிலையைக் கவிழ்த்து வைத்தது மாதிரி. அதற்குக் கீழே ஜெனரேட்டர் கறுப்பாகப் புகை விட்டுக்கொண்டிருக்கிறது. கோதண்டம். நாற்பத்தாறு. குரோம் தொட்டி.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச் சொல்லி அக்கா போன் பண்ணியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், கறி எடுத்திருக்கேன் என்று அவள் சொன்ன குரலில் கறி இல்லை. அவர்கள் வீடு மாடியில். மாமா மளிகை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் படியேறினார், பாதியில் பையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார், தெருவில் பார்க்க ஒன்றுமில்லை, ஒரு நாய் படுத்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றார், நானும் கீழ்ப்படியில் நின்று அதே நாயைப் பார்த்தேன். சாப்பிட்டு முடிந்த பிறகு அக்காதான் பேச்சை எடுத்தாள். கம்பெனிக்கு மூச்சு பார்க்கிற வேன் வருகிறதாம். போன வருஷம் இன்னொரு யூனிட்டுக்கு வந்ததாம், ஊத முடியாதவர்களை ரெஸ்ட் எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம், ரெஸ்ட் முடிந்து போனபோது கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கான்ட்ராக்ட் ஆள்தானே, கேட்க யார் இருக்கிறார்கள். பெரியவன் பாலிடெக்னிக் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, சின்னவன் பிளஸ் ஒன். அவள் சொல்லிக்கொண்டே தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள், மறுபடி பிரித்து அடுக்கினாள். மாமா சத்தத்தைக் குறைத்துவிட்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பார்த்தேன். தொட்டித் தண்ணீர் தெறித்துத் தெறித்து விரல் முட்டிகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கிற கை. டிவியிடம் சொல்வது மாதிரி சொன்னார். "எனக்காக ஒரு தபா ஊதிட்டு வாடா." அவ்வளவுதான். எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் பெருமையாக இருந்தது. இத்தனை பேர் இருக்கிற கம்பெனியில் என் மூச்சைத்தானே கேட்கிறார்.

கேட்கத்தான் செய்வார், என் மூச்சை மாமாவுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் எங்கள் ஊருக்கு விருந்துக்கு வந்தவர், நான் கபடி ஆடுவதை ஏரிக்கரை மைதானத்தில் நின்று பார்த்தார். அப்போது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. ஒரே மூச்சில் பாடிக்கொண்டு போவேன், கோட்டைத் தொட்டு, இடது மூலைக்குப் போய், வலது மூலைக்குத் திரும்பி, எதிர் ஆட்கள் என் மூச்சு எப்போது முடியும் என்று காத்திருப்பார்கள், காத்திருந்தே கால் அசந்துவிடுவார்கள், அப்போது தொடுவேன். நடுவர் காதை என் வாய்ப் பக்கம் கொண்டு வருவார், பாட்டு விட்டுப்போயிருக்கும் என்று, விட்டுப்போயிருக்காது. இவனுக்கு நெஞ்சுக்குள்ள இன்னொரு நெஞ்சு இருக்குது என்று மாமா எங்கள் அப்பாவிடம் சொன்னாராம். அதை அக்கா இன்னும் சொல்லிக்காட்டுவாள். அந்த நெஞ்சு எங்கே போய்விடும். இப்போது ஆடுவதில்லை, அது முட்டியால். கடைசியாக ஆடிய பொங்கலில் எதிர்ப் பக்கம் போய்ப் பாதியில் திரும்பி ஓடிவந்துவிட்டேன், முட்டி பிடித்துக்கொண்டது என்றேன், எல்லோரும் ஐஸ் கொண்டு வா என்று ஓடினார்கள், ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த முட்டி? இடது முட்டி. வலதா? ஐஸ் இடதில்தான் வைத்தார்கள். வலித்ததா? வலித்திருக்கும், இல்லாவிட்டால் ஏன் திரும்பி ஓடிவருகிறேன். அரக்கோணத்தில் ரயில் மாறும்போது மேம்பாலம் ஏறினால் நெஞ்சு பிடிப்பது கூட்டத்தால். காலையில் எழுந்ததும் இருமுவது பனியால், வெயில் காலத்தில் இருமுவது ஃபேனால். நான் தொட்டிக்காரன் இல்லை. நான் பாலிஷ் ஷெட், பின்பக்கம், மூன்று பக்கமும் திறந்த இடம், காற்று வந்துகொண்டே இருக்கும். தொட்டியில் குரோம் முலாம் பூசி வருகிற ராடுகளை பெல்ட்டில் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி அனுப்புவேன், பொக்லைன் கையை மடக்கி நீட்டுகிற ராடு. முகம் தெரியும் அதில். முட்டிதான். அது முட்டிதான்.

"கோதண்டம்." நான் எழுந்திருக்கவில்லை. "கோதண்டம் யாருங்க?" முன்னால் யாரும் இல்லை, நாற்காலிகள் தீர்ந்துவிட்டன, கோதண்டம் நான்தான். படியேறி உள்ளே போனதும் ஏசி குளிர் முகத்தில் அடித்தது, வெளியே ஜெனரேட்டர் எதற்கு ஓடுகிறது என்று புரிந்தது. குறுகலான இடம். ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், மேஜை மேல் ஒரு மெஷின், அதிலிருந்து ஒரு குழாய். தடுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் ஒரு டெக்னீஷியன் பெண், என் தங்கை வயது இருக்கும், தெற்கத்திப் பேச்சு. கதவை இழுத்துச் சாத்தினாள், தாழ் விழுகிற சத்தம் கேட்டது, தாழ் இல்லை, சும்மா கொக்கிதான், குளிர் போகாமல் இருக்க. வயசு கேட்டாள், சொன்னேன். மாஸ்க்கைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். ஒரு நிமிஷம் முகத்தைப் பார்த்தாள். "நாற்பத்தாறுன்னு சொல்லவே முடியாதுண்ணே," என்று சிரித்தாள், மெஷினில் தட்டினாள், சுவரோடு நிற்கவைத்து உயரம் பார்த்து அதையும் தட்டினாள். வயதுக்கும் உயரத்துக்கும் இவ்வளவு மூச்சு இருக்க வேண்டும் என்று மெஷினுக்கே கணக்கு உண்டாம், வயது ஏற ஏற மெஷின் குறைத்துக் கேட்குமாம். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாற்பத்தாறு வயதுக்கு எவ்வளவு கேட்டுவிடப் போகிறது. முப்பத்துமூன்று வயது மூச்சைக் கொட்டினால் மெஷின் திணறிவிடும், அளவாக ஊத வேண்டும், அதிகமாக ஊதினால் சந்தேகம் வரும், கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு ஊத வேண்டும் என்று யோசித்தேன். மிச்சம் வைத்துக்கொண்டு. அப்படித்தான் யோசித்தேன். புதிதாக ஒரு அட்டைக் குழாயைச் சொருகினாள், மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டினாள். மூக்கு அடைபட்டதும் வேன் இன்னும் சின்னதாகிவிட்டது. உதட்டால் குழாயைக் கவ்வி, முழுசாக இழுத்து, ஒரே வேகத்தில் வெளியே தள்ள வேண்டும், நிறுத்தச் சொல்கிறவரைக்கும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

இழுத்தேன். ஏரிக்கரையில் கோட்டுக்குப் பின்னால் நின்று இழுப்பேனே, அடிவயிறு வரைக்கும் ஜில்லென்று இறங்குமே, அப்படி இழுத்தேன். இறங்கவில்லை. மாடிப்படியில் கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் தரை வந்துவிடுமே, அந்த மாதிரி, பாதியிலேயே தரை வந்துவிட்டது. கிளிப்பால் இருக்கும். ஊதினேன். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க," அவள் கையால் காற்றைத் தள்ளிக் காட்டினாள், நான் எப்போதோ தீர்ந்துபோய் வெறும் உதட்டை அழுத்திக்கொண்டிருந்தேன். பரவாயில்லை, முதல் தடவை யாருக்கும் சரியாக வராது என்றாள். அதுதான், முதல் தடவை. இரண்டாவது தடவை மிச்சம் கிச்சம் எதுவும் யோசிக்கவில்லை, மாமாவையும் யோசிக்கவில்லை, ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஊதினேன், கண்ணில் தண்ணீர் வந்தது, அவள் மெஷின் திரையைப் பார்த்தாள். குளிராக இருக்கிறது, சட்டை இறுக்குகிறது, மேல் பட்டனைக் கழற்றினேன். மூன்றாவது தடவை ஊதும்போது பாதியில் இருமல் வந்தது, நிற்கவில்லை, கிளிப் தெறித்துக் கீழே விழுந்தது, அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தேன். திரையில் ஒரு கோடு குன்று மாதிரி ஏறி இறங்கியிருந்தது, அது இருக்க வேண்டிய அளவாம். அதற்கு ரொம்பக் கீழே, வரப்பு மாதிரி, இன்னொரு கோடு. என்னுடையது எது என்று கேட்கவில்லை. அவளே சொன்னாள், மெதுவாக, கெட்ட செய்தி சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறவள் மாதிரி. "உங்க வயசுக்கு இருக்க வேண்டியதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதாண்ணே இருக்கு." உங்க வயசுக்கு. நாற்பத்தாறுக்கு. முப்பத்துமூன்று என்று தட்டியிருந்தால் மெஷின் இன்னும் அதிகமாகக் கேட்டிருக்கும், நான் இன்னும் கீழே போயிருப்பேன். மெஷின் கெட்டுப்போயிருக்கும். காலையிலிருந்து எத்தனை பேர் ஊதியிருக்கிறார்கள், எச்சில் போய் அடைத்திருக்கும். அதைச் சொன்னேன். காலையில் கேட் செக்யூரிட்டி அண்ணன் ஊதினார், அவருக்கு ஐம்பத்தெட்டு வயசு, நல்லா வந்தது என்றாள்.

பாவி, மாமாவுக்கு வேலை போய்விட்டது. முதலில் அதுதான் தோன்றியது. அக்கா முகம் வந்தது, தட்டை அடுக்குகிற கை வந்தது, என்னை நம்பி அனுப்பினார்களே, வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாமே. அதற்கு அடியில், மெதுவாக, தண்ணீருக்கு அடியிலிருந்து ராடு மேலே வருகிற மாதிரி, இன்னொன்று வந்தது, அதைப் பார்க்க வேண்டாம் என்று திரையைப் பார்த்தேன், மேஜையைப் பார்த்தேன், கீழே விழுந்த கிளிப்பை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே போங்க, டாக்டர் பார்ப்பார் என்றாள். மதியம் நான் வர வேண்டுமே. மதியம் தணிகாசலம் வந்து ஊத வேண்டுமே. இதே மெஷின், இதே பெண், முகத்தைப் பார்த்துவிட்டாள். வராமல் இருந்துவிடலாம், உடம்பு சரியில்லை என்று சொல்லலாம், உடம்பு சரியில்லை என்று சொல்லியா மூச்சு பார்க்க வராமல் இருப்பது. எனக்குப் பதிலாக யாரையாவது அனுப்ப வேண்டும். யாரை? ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன், பாலிஷ் ஷெட்டில் என் பக்கத்து பெல்ட்டுக்காரன், அவன் பேசும்போதே நடுவில் நிறுத்தி எச்சில் விழுங்குவான். பேக்கிங்கில் இருக்கிறவன், அவன் காலையில் காறுவது கேட் வரைக்கும் கேட்கும். தொட்டிக்காரர்களைக் கேட்கவே வேண்டாம். கேட் செக்யூரிட்டியை அனுப்பலாம். சிரிப்பு வந்தது, சிரித்தால் இருமல் வரும் என்று அடக்கினேன், எப்போதிருந்து இப்படி அடக்குகிறேன், எனக்கே தெரியாமல்.

டாக்டர் வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறவர், காலையிலிருந்து இதே கேள்வியைக் கேட்டுக் களைத்துப்போன குரல். எத்தனை வருஷமா தொட்டியில இருக்கீங்க. பதினெட்டு வருஷம் சார். பீடி, சிகரெட்? மாமா தொடுவதில்லை, நானும் தொடுவதில்லை, இல்லை சார். அண்ணாந்து பார்க்கச் சொல்லி மூக்குக்குள் டார்ச் அடித்தார். ஒரு துவாரத்தில் அடித்தார், இன்னொரு துவாரம் வழியாகப் பார்த்தார், டார்ச்சை அணைத்தார். "மூக்கு நடுத்தண்டுல ஓட்டை விழுந்திருக்கே, தெரியுமா?" தெரியும் சார் என்று சொல்ல வேண்டும். மாமாவுக்கு உண்டு, தொட்டிக்காரர்கள் பாதிப் பேருக்கு உண்டு, மாமா ஒருமுறை பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்ட ஒரு துவாரத்தில் நூலை விட்டு மறு துவாரத்தில் எடுத்து அக்காவிடம் திட்டு வாங்கினார். ஆனால் இப்போது டார்ச் அடித்தது மாமா மூக்கில் இல்லை. கை தானாக மூக்குக்குப் போனது. "தூங்கும்போது விசில் மாதிரி சத்தம் வருமா?" என்று கேட்டார். "என் பொண்ணு சொல்லுவா சார்," என்றேன். "அப்பா மூக்குல குயில் இருக்குதுன்னு சொல்லி சிரிப்பா." மாமாவுக்குப் பெண் இல்லை. மாமாவுக்கு இரண்டும் பையன்கள். சொன்ன பிறகுதான் உறைத்தது. டாக்டருக்கு அது எங்கே தெரியப்போகிறது, அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அதற்கப்புறம் என்னால் மாமாவாக இருக்க முடியவில்லை. எப்போது இருமல் அதிகம் என்று கேட்டார், என் இருமலைச் சொன்னேன். லீவு நாளில் எப்படி என்று கேட்டார், திருத்தணிக்குக் குடும்பத்தோடு போய் நாலு நாள் இருந்தபோது படி முழுக்க ஏறினேன், அப்போது ஒன்றும் இல்லை, வேலைக்கு வந்த இரண்டாம் நாள் மறுபடி ஆரம்பித்தது என்று சொன்னேன். சொல்லும்போதுதான் அதை நானே முதல் தடவையாகக் கேட்கிறேன். தொட்டிக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்பீர்கள் என்றார். நான் நிற்கிற இடத்தை நினைத்தேன். பாலிஷ் ஷெட். மூன்று பக்கமும் திறந்திருக்கிறது. நாலாவது பக்கம் தொட்டி ஹாலின் பின்சுவர். அந்தச் சுவரில், என் தலைக்கு மேலே, தொட்டி ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற பெரிய குழாயின் வாய். காற்று வந்துகொண்டே இருக்கும் என்றேனே, அந்தக் காற்று. அதற்கு நேரே இருக்கிற வேப்பமரம் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து பழுப்பேறி நிற்கிறது, தினமும் அதன் கீழேதான் டிபன் பாக்ஸைத் திறக்கிறேன். என் பெல்ட்டில் பறக்கிற தூள் வேறு, அதுவும் அதே குரோம்தான். தலைக்கு மேலதான் சார் என்றேன்.

அவர் பேனாவை மூடவில்லை. தொட்டிப் பக்கம் இனிமேல் போகக் கூடாது என்று எழுதுகிறேன், கம்பெனி என்ன செய்யும் என்பது என் கையில் இல்லை, ஆனால் இந்த ரிப்போர்ட் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இது வேலையால் வந்த நோய் என்று நாளைக்குக் கேட்க வேண்டி வந்தால் இதுதான் ஆதாரம், உங்கள் பேரில் இருக்கிறது என்று சொல்லி என் பக்கமாகத் திருப்பினார். கோதண்டம் என்று இருந்தது. அதற்குக் கீழே வரப்பு மாதிரி என் மூச்சு. வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். மாமா நெஞ்சும் இதே மாதிரிதான் இருக்கும், இதைவிட மோசமாக இருக்கும், பொய் என்று ஒன்றும் இல்லை, அவருக்குப் பொருந்துகிற உண்மைதான். அவர் இதை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். நான் மதியம் வராமல் நழுவி, ஷெட்டிலேயே நின்று, அந்தக் குழாயின் கீழே, இன்னும் எத்தனை வருஷம். சொன்னால்? சொன்னால் இரண்டு பேருக்கும் போய்விடும், அக்கா வீட்டிலும் அடுப்பு, என் வீட்டிலும் அடுப்பு. ஆள்மாறாட்டம் என்று சொல்வார்கள். சொல்லாவிட்டால் என் மூச்சு இனி எங்கேயும் என் பேரில் இருக்காது. சொன்னாலும் வழி மூடுகிறது, சொல்லாவிட்டாலும் மூடுகிறது, நடுவில் நான், மூக்கில் கிளிப் இல்லை, ஆனாலும் காற்று வரவில்லை. டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட வாயைத் திறந்தார். "சார், அந்தப் பேரை அடிச்சிடுங்க," என்றேன். என் குரல் மாதிரி இல்லை. "அது எங்க மாமா பேரு. என் பேரு தணிகாசலம்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கி என்னைப் பார்த்தார். உண்மையான வயது என்ன என்று கேட்டார், சொன்னேன். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு வயதை மாற்றிப் புதிதாகப் போடச் சொன்னார், அவள் என்னைப் பார்க்காமல் தட்டினாள். அந்த மாமா எங்கே என்றார். வெளியே டீக்கடையில் இருக்கிறார் என்றேன். அழைத்து வரச் சொன்னார், அவ்வளவுதான் சொன்னார். மற்றதைச் சூப்பர்வைசரிடம் சொல்வாரா மாட்டாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கேட்டுக்கு வெளியே வெயிலில் கண் கூசியது. மாமா டீக்கடைப் பந்தலின் கீழே கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார், முகம் மலர்ந்தது, எனக்கும் சேர்த்து டீ சொன்னார். நல்லா ஊதினியா என்று கேட்டார். தேறலை மாமா என்றேன். அவர் மலர்ந்த முகம் அப்படியே நின்றது, உள்ளே இருந்து ஆள் மட்டும் போய்விட்டது மாதிரி. கண்டுபிடிச்சிட்டாங்களா என்றார். இல்லை என்றேன், நான்தான் சொன்னேன் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது, வரத்தான் செய்யும், எதற்கு அனுப்பினோம், என்ன செய்துவிட்டு வந்திருக்கிறாய், உன் அக்காளுக்கு நான் என்ன சொல்வது, என் பேரைக் கெடுத்துவிட்டாயே என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சுக்கு நின்று நின்று திட்டினார், நான் கேட்டுக்கொண்டு நின்றேன், டீ ஆறியது. எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னேன்.

"உன் பேர்ல ஊதினேன் மாமா. வரலை. என் மூச்சுதான் அது. மூக்குலயும் ஓட்டை இருக்குதாம்."

அவர் முதலில் புரிந்துகொள்ளவில்லை. யாருக்கு என்று கேட்டார். எனக்கு என்றேன். மாமா என் முகத்தைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், தன் சட்டை போட்ட என் மார்பைப் பார்த்தார். கையிலிருந்த கிளாஸைப் பெஞ்சில் வைத்தார், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ரோட்டைப் பார்த்தார், லாரி ஒன்று போனது, தூசி அடங்கியது.

"உன்னைத் தொட்டிப் பக்கம் விடவே இல்லையேடா நான்," என்றார். "நீ வேலைக்கு வந்த அன்னிக்கே சூப்பர்வைசர் கால்ல விழாத குறையா சொன்னேன். தொட்டில போடாதீங்க, வெளிக்காத்துல எங்கியாவது போடுங்கன்னு. நான்தானடா அந்த ஷெட்டு கேட்டேன்."

எனக்கு அது தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. சும்மா கிடைத்த இடம் என்று நினைத்திருந்தேன். காசு கொடுக்கப் பையில் கைவிட்டேன், டோக்கன் வந்தது. மாமா அதை என் விரலிலிருந்து எடுத்துக்கொண்டார். அக்காவுக்கு யார் சொல்வது என்று கேட்டேன். அவர் எழுந்து ரோட்டைக் கடந்தார், நானும் போனேன். கேட்டுக்கும் வேனுக்கும் நடுவில் அவர் ஒருமுறை நின்றார், நானும் நின்றேன். நாய் எதுவும் இல்லை பார்ப்பதற்கு, இரண்டு பேரும் சும்மா நின்றோம்.

வரிசையில் கடைசி நாற்காலிகள் இரண்டு காலியாக இருந்தன. உட்கார்ந்தோம். முன்னால் இருந்தவர்கள் திரும்பி எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தார்கள். மாமா யாரையும் பார்க்கவில்லை. கையை என் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், தோள்பட்டைகளுக்கு நடுவில், குழி விழுந்த அந்தக் கையை விரித்து வைத்தார். சின்ன வயதில்கூட அவர் என்னை அப்படித் தொட்டதில்லை.

"நல்லா இழு," என்றார்.

இழுத்தேன். போன வரைக்கும் போனது. விட்டேன். வேனிலிருந்து ஒருவர் இறங்கினார், எல்லோரும் எழுந்து ஒரு நாற்காலி நகர்ந்தார்கள். மாமா எழுந்திருக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"இன்னொரு தபா," என்றார்.